எங்களுக்கு ஒண்ணுமில்ல

செப்டம்பர் 8

மருத்துவமனைக்காரர் மறுபடியும் போன் செய்தார். "நானூறு பேர் இருக்கிற ஊருக்கெல்லாம் ஆள் அனுப்ப முடியாது, ஆர்டிஸ். நீங்கதான் நகரத்துக்கு வரணும்." போங்கள்! எங்கள் ஹால்விக் ஊர்க் கிளினிக்கைப் பூட்டி மூன்று வருஷம் ஆகிறது. நானே ஆள் பிடிப்பேன். டாக்டர்கூட வேண்டாம், நோய் பார்த்து மருந்து எழுத உரிமம் உள்ள குடும்ப நர்ஸ் ஒருத்தி போதும்.

என் வீட்டுக்காரர் வெர்லினுக்குக் காலில் புண் ஆறவில்லை. சர்க்கரை உடம்பு. "சூரியகாந்தி அறுவடை முடியட்டும்டி" என்கிறார். எனக்கே காட்டாமல் பூட்ஸோடு திரிகிறார்.

செப்டம்பர் 21

மானம் போயிற்று. விளம்பரம் பார்த்து ஒரு நர்ஸ் வந்தாள். சர்ச் கீழ்த்தளத்தில் விருந்து வைத்தோம். அவள் ஒரு வாய் சாப்பிடவில்லை, அதற்குள் பக்கத்துப் பண்ணை டுவேன் சட்டையைத் தூக்கி முதுகு மச்சத்தைக் காட்டுகிறான். அவன் பின்னால் ஒரு வரிசையே நின்றது! இனிப்புக்குச் சுட்ட ருபார்ப் பை வெட்டுமுன் அவள் கார் கிளம்பிவிட்டது.

செப்டம்பர் 22

அழமாட்டேன். இன்னொரு விளம்பரம் கொடுத்தாயிற்று.

அக்டோபர் 12

நாளை கோரினா என்று ஒரு நர்ஸ் வருகிறாள். வீடு வீடாகப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன்: "வியாதின்னு எவனாவது வாயைத் திறந்தீங்க, தொலைச்சுப்புடுவேன்!"

அக்டோபர் 13

நடுராத்திரி ஆகிவிட்டது. இருந்தாலும் எழுதுகிறேன்.

சர்ச் விருந்தில் எல்லோரும் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். உடம்பெல்லாம் எப்படி என்று கோரினா கேட்கக் கேட்க, "எங்களுக்கு ஒண்ணுமில்ல" என்று ஒரே பாட்டு. டுவேன் இருமலை விழுங்கி விழுங்கியே சிவந்துபோனான். கடைசியில் அவள் கோட்டை எடுத்தாள். "நல்ல ஊருங்க. ஆனா எனக்கு இங்க என்ன வேலை? இன்னும் ரெண்டு ஊர்ல கூப்பிடுறாங்க."

ஐயோ, என் வாயாலேயே கெடுத்தேனே!

"வெர்லின், பூட்ஸைக் கழட்டுங்க."

"சாப்பாட்டு மேஜையிலயா? மானத்த வாங்காதடி."

"மானம் போனாப் போகட்டும், கால் போகக் கூடாது. கழட்டுறீங்களா, நான் கழட்டவா?"

கழற்றினார். நாற்றம் குப்பென்று வந்தது. இரண்டு விரல் கறுத்திருந்தது. நான் வாய்விட்டு அழுதுவிட்டேன். எப்படித்தான் நடந்தார் இந்த மனுஷன்? கோரினா கோட்டை வீசிவிட்டு மண்டியிட்டாள். "வண்டிய எடுங்க, இப்பவே!" ஓட்டியது என்னவோ அவள்தான். நான் பின் சீட்டில் அவர் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 15

விரல் இரண்டும் போயின. கால் தப்பியது.

மருத்துவமனை வராந்தாவில் கோரினா சொன்னாள்: "அந்த ரெண்டு ஊருக்கும் வரலன்னு சொல்லிட்டேன். ஒரே நிபந்தனை. ஒண்ணுமில்லன்னு யாரும் எங்கிட்டப் பொய் சொல்லக் கூடாது."

டிசம்பர் 3

இடுப்பளவு பனி. நகரத்துக்குப் போகும் சாலையை மூடிவிட்டார்கள். கிளினிக் திறந்திருந்தது. எனக்கு முன்னால் ஆறு பேர்; முறை வருமுன் பாதி ஸ்வெட்டர் பின்னிவிட்டேன். எனக்குப் பிரஷராம். உப்பைக் குறைக்கச் சொல்லிக் கோரினா சத்தம் போட்டாள், இந்த ஊரையே அதட்டுகிற என்னைப் பார்த்து! நன்றாகத் திட்டட்டும். திட்டு வாங்கிக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டேன்.