பிள்ளைத்தாச்சிகளும் மருந்தடித்த பந்தலும்

அன்புத் தங்கை ஈசுவரிக்கு,

டெங்குக் காய்ச்சல் ஒரே வாரத்தில் உன்னைக் கொண்டுபோய் வருஷம் ஒன்றாகப் போகிறது. நீ இருந்தபோது சொல்லாததை இப்போது எழுதுகிறேன். நீ சொன்னதுதான் சரி.

மலர் உன் வயிற்றில் இருந்தபோது எட்டாம் மாதம் வரை நம் திராட்சைத் தோட்டத்தில்தான் வேலை பார்த்தாய். காலையில் நான் பூச்சிமருந்து அடித்து முடிப்பேன். இலையில் ஈரம் காயும் முன்பே நீயும் மற்றப் பெண்களும் பந்தலுக்குள் கொடி கட்டப் போவீர்கள். தலைமேல் சொட்டுவதை முந்தானையால் துடைத்துக்கொள்வாய். போகாதே என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை.

மாதம் நிறைந்துதான் மலர் பிறந்தாள். ஆனாலும் எடை இரண்டு கிலோவைத் தொடவில்லை. பூச்சிமருந்துதான் காரணமா என்று நீ விடாமல் நர்சம்மாவிடம் கேட்டாய்.

"இது ஒண்ணாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. ரத்தக்குறைவு, சாப்பாடுன்னு எத்தனையோ இருக்கு. ஆனா மருந்து தாய் உடம்புக்குள்ள போனா பிள்ளை வளர்ச்சியையும் பாதிக்கலாம். தள்ளி இருக்கிறதுதான் நல்லது" என்றார் அவர்.

அன்று சாயங்காலமே பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாய்.

"அண்ணே, இனிமே புள்ளத்தாச்சி யாரையும் மருந்தடிச்ச பந்தலுக்குள்ள விடாத."

"நம்ம ஆத்தா இதே வேலை பாத்துத்தான நம்மளப் பெத்தாக?"

"ஆத்தா காலத்துல இம்புட்டு மருந்தா அடிச்சாக?"

கத்தி உன்னைத் திருப்பி அனுப்பினேன். ஆறு மாதம் நீ என்னோடு பேசவில்லை. அந்த ஆறு மாதத்தை எங்கே போய்த் திரும்ப வாங்குவது?

உன்னோடு கொடி கட்டிய மாரியம்மா இந்தச் சித்திரையில் நான்கு மாதம். வேலையை விட்டு நிறுத்திவிடுவேன் என்று பயந்து மறைத்திருக்கிறாள். கூப்பிட்டுச் சொன்னேன்: "நீ பந்தலுக்குள்ள வராத. வீட்டுக்குப் பின்னால கீரைப் பாத்தியப் பாரு. அங்கன மருந்தே அடிக்கிறதில்ல. கூலி அதேதான்."

மருந்து டப்பாவில் ஒட்டியிருந்த தாளை அன்றுதான் முதன்முதலாகக் கடைசிவரை படித்தேன். புரியாததை வேளாண்மை ஆபீசில் கேட்டேன். இப்போது மருந்தடித்தால், அவர்கள் சொன்ன நாள் கழியும்வரை பந்தலுக்குள் யாருக்கும் வேலை இல்லை.

பக்கத்துத் தோட்டத்து ராசு மாமாவுக்குக் கோபம். "ஏலே பாண்டி, நீ ஆரம்பிச்சுவச்சா எங்க ஆளுகளும் கேக்குமில்ல?"

"கேக்கட்டும் மாமா. அதுக்குத்தான்."

இரண்டு வாரம் கழித்து அவரே வந்து நின்றார். அவர் மருமகள் முழுகாமல் இருக்கிறாளாம். "எத்தன நாளு கழிச்சு உள்ள விடணும்னு சொன்னாக?" என்று மெதுவாகக் கேட்டார். காற்று எங்கள் பக்கம் வீசும் நேரத்தில் இப்போது அவரும் மருந்தடிப்பதில்லை.

மாரியம்மாவுக்குப் பெண் பிறந்திருக்கிறது. இரண்டே முக்கால் கிலோ. நர்சம்மாவிடம் சொல்லத் துள்ளிக்கொண்டு போனேன். "ஒரு பிள்ளைய வச்சு முடிவு கட்டாதீக" என்று அவர் சிரித்தார். கட்டவில்லை. ஆனால் நிறுத்தவும் போவதில்லை.

மலர் அங்கன்வாடியில் இன்னும் மற்றவர்களைவிடச் சிறியவள்தான். ஆனால் யாருக்கும் அடங்குவதில்லை; அவளுக்கு அப்படியே உன் வாய். அவள் இப்படியிருக்க நான் அடித்த மருந்துதான் காரணமா? அது எனக்குத் தெரியவே போவதில்லை. தெரியாததைச் சாக்காக வைத்து இனி சும்மா இருக்கமாட்டேன்.

சுருளிப்பட்டி ரோட்டில் இன்னும் பல தோட்டங்களில் ஈரம் காயுமுன் பெண்களை அனுப்புகிறார்கள். நாளை முதல் ஒவ்வொன்றாகப் போகப்போகிறேன். விரட்டினால் மறுவாரமும் போவேன்.

உன் பேச்சைத் தாமதமாகக் கேட்ட அண்ணன்,
பாண்டி