ராத்கோ டாக்டரின் மிளகாய் அட்டவணை

ஸ்தாரா சகோரா,
செப்டம்பர் கடைசி

என் யாவோருக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அந்த டப்ளின் மழையில் நனையாமல் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று தெரியும், ஏனென்றால் உன் சமாச்சாரமெல்லாம் மூன்றாம் மாடி ராத்கோ டாக்டர் எனக்குச் சொல்லிவிடுகிறார். உனக்குச் சளி பிடித்தது, நீ புது நாற்காலி வாங்கியது எல்லாம் லிஃப்டில் வைத்துத்தான் எனக்குத் தெரிந்தது. பெற்றவளுக்குப் பிள்ளையைப் பற்றிப் பல் டாக்டர் வந்து சொல்ல வேண்டியிருக்கிறது. கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே, பொறாமையில்தான் எழுதுகிறேன்.

குளிர்காலத்துக்குக் குடைமிளகாய்த் தொக்கு, அதுதான் லூதெனிட்சா, கிளறும் நாள் வந்தால் கட்டடமே குடைமிளகாய் சுடும் மின் அடுப்புகளை முற்றத்துக்குத் தூக்கி வந்து ஒரே நேரத்தில் செருகுவதும், ஃபியூஸ் போவதும், ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வதும் உனக்குத் தெரியாததா. இந்த வருஷம் யார் எப்போது சுடுவது என்று ராத்கோ எக்செலில் அட்டவணை போட்டார். அதற்காக ஒரு வாரம் நீ சாயங்காலமெல்லாம் வீடியோவில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாயாம். நான் கூப்பிட்டால் மட்டும் உனக்கு மீட்டிங் வந்துவிடும். அதுகூடப் போகட்டும், கடைசியில் அவரிடம் "மாமா, நீங்களும் இப்போ புரோகிராமர்தான்" என்று சொன்னாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மனுஷர் அதை அச்சடித்துக் கட்டடத்து வாசல் கதவில் ஒட்டிவிட்டார். டாக்டர் ராத்கோ பென்செவ், புரோகிராமர். கணக்கீட்டு மையத்தில் பாதி ஆயுசு ஃபோர்ட்ரான் மொழியில் புரோகிராம் எழுதி மல்லுக்கட்டியவள் அந்தக் கதவைத் திறந்துதான் தினமும் ரொட்டி வாங்கப் போகிறேன்.

எனக்குப் பொறுக்கவில்லை, மாடிப்படியிலேயே அவரைப் பிடித்துக்கொண்டேன். எக்செல் ஒரு கருவி, புரோகிராமிங் மொழி இல்லை என்றேன். அப்படியென்றால் மொழி எது, சொல்லுங்கள் என்றார். இப்படியானால் இதைச் செய், இல்லையானால் அதைச் செய் என்று சொல்லத் தெரிய வேண்டும் என்றேன். உடனே லேப்டாப்பைத் திறந்து, வீட்டின் முறை வந்தால் கட்டம் பச்சையாவதைக் காட்டினார். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும் என்றேன். ஒரு கட்டத்தின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தார், வரிசை முழுக்க நிரம்பிவிட்டது. நானும் விடாமல், கஷ்டமாக இருந்தால்தான் அது புரோகிராமிங் என்று உளறிவிட்டேன். பின்னால் நின்ற உன் அப்பா "கஷ்டமா இருக்கிறதுதான் புரோகிராமிங்னா, உன்னோட குடும்பம் நடத்தினதுக்கு நானும் புரோகிராமர்தான் நெவேனா" என்றார். படிக்கட்டே சிரித்தது. அன்றைக்கு அவருக்குச் சூப்பில் உப்புப் போடவில்லை.

மிளகாய் சுடும் நாளில் ஒரு நேரத்தில் இரண்டு அடுப்புதான் என்று அட்டவணை சொன்னது, எல்லோரும் அப்படியே நடந்தார்கள். ஐந்தாம் மாடி சோஃப்கா தன் முறைக்கு, எல்லோரையும் போல ஒரு குழி அடுப்பை விட்டு, மூன்று குழி உள்ள பெரிய அடுப்பைக் கொண்டுவந்தாள். அட்டவணைக்கு அதுவும் ஓர் அடுப்புத்தான். செருகினாள், கட்டடம் மொத்தத்துக்கும் மின்சாரம் போய்விட்டது, அப்பா ஒரு பெட்டி மிளகாயோடு லிஃப்டில் மாட்டிக்கொண்டார். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. ராத்கோவிடம் போய், அடுப்பு என்றால் என்னவென்று முதலில் தீர்மானித்துவிட்டல்லவா எண்ண வேண்டும் என்று கேட்டேன். அவர் முகம் வாடியது, ஆனால் மறுவார்த்தையே "யாவோரைக் கூப்பிட்டுக் கேட்டுடறேன்" என்றார்.

என் பிள்ளையை நீங்கள் ஒன்றும் கூப்பிட வேண்டாம் என்று லேப்டாப்பைப் பிடுங்கிக்கொண்டு சமையலறைக்கு வந்துவிட்டேன். குழிகளின் எண்ணிக்கைக்கு ஒரு வரிசை சேர்த்து, அடுப்புகளை விட்டுவிட்டுக் குழிகளைக் கூட்டச் சொன்னேன். சரியாகிவிட்டது. இப்போது கட்டடமே என்னைத்தான் மெச்சுகிறது, ராத்கோகூடப் புரோகிராமர் என்ற வார்த்தையைக் கிழித்து எடுத்துவிட்டார். எனக்கு அதில் நினைத்த அளவு சந்தோஷம் வரவில்லை. நீ வாரம் முழுக்கப் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்தது அவருக்குத்தானே, அதைக் கிழித்து எடுக்க முடியுமா.

லூதெனிட்சா பன்னிரண்டு பாட்டில் அனுப்புகிறேன், அக்கம்பக்கத்தாருக்கும் கொடு. உன் கை தொட்டதெல்லாம் துலங்கட்டும், உயிரும் உடம்புமாக நன்றாக இரு. ஒன்று மட்டும் மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூப்பிட்டு எனக்கு எக்செல் சொல்லிக்கொடு. முதல் கட்டத்திலிருந்து, ராத்கோவுக்குச் சொன்ன மாதிரி நிதானமாக. எனக்கு ஒன்றும் தெரியாது என்று வைத்துக்கொள்.

உன் அம்மா,
நெவேனா