கன்னியர் மடம் என்று நினைத்த இடம்

பெப்ரவரி 16, ஞாயிறு

மகள் நிரோஷியைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த விடுதிக் கல்லூரியில் விட்டுவிட்டு வந்தோம். வலது காது இன்னும் இரைகிறது.

பல்கலைக்கழகத்தின் பொது விடுதி வேண்டாம், இதுதான் வேண்டும் என்று அவள் சொன்னபோது இவர் உடனே சம்மதித்தார். புனிதரின் பெயர், உள்ளே சிற்றாலயம். ஊரிலுள்ள கன்னியர் மடம் போல ஆறு மணிக்குக் கேற்றைப் பூட்டுவார்கள் என்று நினைத்துக் கோயிலில் எல்லோருக்கும் பெருமையாகச் சொன்னார்.

இன்று பக்கத்து அறையிலிருந்து ஒரு பொடியன் தோளில் துவாயோடு வந்து அவளோடு கைகுலுக்கினான். இவர் சூட்கேஸைத் தூக்கிச் சுவரில் அடித்தார்.

“ஆரைப் பேய்க்காட்டி ஏமாத்துறாய்? ஏறடி காரில.”

தலைமயிரைப் பிடித்து இழுத்தார். அவள் உதடு கதவில் பட்டுக் கிழிந்தது. குறுக்கே போன எனக்கு அறை விழுந்தது.

சத்தம் கேட்டு விடுதிக்குப் பொறுப்பானவள் ஓடி வந்தாள். இளம்பெண். இவரைக் கேற்றுக்கு வெளியே போகச் சொன்னாள். இவர் போனார்.

நிரோஷி இரத்தத்தைத் துடைத்தாள். “இதுக்குத்தான் அம்மா இந்த இடம். பொது விடுதியில கத்தினா ஒருத்தரும் கதவு திறக்கமாட்டினம்.”

அவரோடு வீட்டுக்குப் போவது பாதுகாப்பா என்று அந்தப் பெண் என்னிடம் கேட்டாள். யோசிக்காமல் ஓம் என்று தலையாட்டினேன். நிரோஷி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இப்போது வீட்டில் அவளுடைய அறையை உள்ளே பூட்டிக்கொண்டு இருக்கிறேன். குசினியில் கோப்பைகள் உடைகின்றன. பக்கத்து வீட்டில் விளக்கு எரிகிறது. ஒருவரும் வரவில்லை.