நைனா, பந்து தண்ணீரில் விழுந்தது

என் ஆசை நைனாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை உன் கிளப்பில் ஆடினேன். உன் கிளப் என்றுதான் சொல்வேன். நீ அங்கே உறுப்பினர் இல்லை, கோல்ஃப் மட்டையைத் தொட்டதுகூட இல்லை. ஆனால் அந்தக் குளத்துக்குள் உன்னளவு இறங்கியவர் யார்?

கட்டுமரத்தை விட்டுவிட்டு, உறுப்பினர்கள் குளத்தில் அடித்துத் தொலைத்த பந்துகளை மூழ்கி எடுக்கும் வேலைக்கு நீ போனபோது காத்திவாக்கமே சிரித்தது. "கடல்ல மீன் புடிச்சவன் குளத்துல முட்டை பொறுக்கறான்" என்றார்கள். நீயும் சேர்ந்து சிரித்தாய். பள்ளி விடுமுறையில் என்னையும் கூட்டிப்போனாய். நான் ஓரமாக நின்று பந்தடிப்பதைப் பார்த்த பயிற்சியாளர் மேடம், "இந்தப் பொண்ணு தினமும் வரட்டுமே" என்றார். மறுநாளிலிருந்து தினமும் கூட்டிப்போனாய்.

இந்த முறை அங்கே தொழில்முறை வீராங்கனைகளுக்கான போட்டி. முதல் பத்து இடங்களுக்குள் வந்தால் அடுத்த வருடம் முழுக்க ஆடலாம். இல்லாவிட்டால் மறுபடியும் தகுதிச் சுற்று. தம்பி தாஸ்தான் என் மட்டைப் பையைச் சுமந்தான். அம்மா முதல்முறையாகப் பார்க்க வந்திருந்தாள். மீன்கூடை தூக்கிய கால்கள் அல்லவா, மைதானம் முழுக்க எங்கள் பின்னாலேயே வந்தாள்.

கடைசிக் குழிக்கு வரும்போது நான் பத்தாவது இடத்தில். ஐந்து முறைக்குள் அடித்துப் பந்தைக் குழியில் போட்டால் இடம் நிற்கும். முதல் அடி நன்றாகப் போனது. அடுத்ததற்குக் குறுக்கே உன் குளம்.

"அக்கா, காத்து எதுக்க அடிக்குது. தண்ணிக்கு இந்தாண்டயே போடு" என்றான் தாஸ்.

"தாண்டும்டா" என்றேன்.

தாண்டவில்லை. தண்டனையாக ஓர் அடி சேர்ந்தது. மிச்சம் இரண்டே அடி. கூட்டம் உச்சுக்கொட்டி அடங்கியது. அந்த அமைதியில் அம்மாவின் குரல்:

"இன்னாடி பாத்துகினு நிக்கிற? போனது போவட்டும். வேற பந்து கீதுல்ல, போடு!"

'அமைதி' பலகையோடு ஓர் ஆள் ஓடினார். "அம்மா, இங்க சத்தம் போடக் கூடாது."

"நான் எங்கய்யா சத்தம் போட்டேன்? பேசிகினுதான கீறேன்!"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நானும்தான். சிரித்ததில் தோள் இளகியது. வேறு பந்தைப் போட்டு அடித்தேன். தண்ணீரைத் தாண்டி, குழியிலிருந்து ஒரு துடுப்பு நீளத்தில் போய் நின்றது. அடுத்த அடியில் உள்ளே.

பத்தாவது இடம், நைனா! கோப்பை வேறொருத்திக்கு. அடுத்த வருடம் முழுக்க ஆடும் உரிமை எனக்கு.

எல்லாம் முடிந்தபின் அம்மா குளக்கரைக்கு வந்தாள். "இங்கயாடி முங்குவாரு?"

"ஆமாம்மா."

"இம்மாந் தண்ணிதானா! வூட்டாண்ட வந்து கடலாட்டம் சொல்லுவாரே!" முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே அழுதாள். மஞ்சள்காமாலையில் நீ போன அன்றுகூட அவள் இப்படி அழவில்லை. அவளிடம் எவ்வளவு ஆழம் என்று சொல்லிவைத்தாய், நைனா?

அடுத்த மாதம் பெங்களூரில் ஆட்டம். அம்மாவும் வருகிறாள். முதல் அடிக்கு முன் ஒவ்வொருத்தியின் பெயரையும் ஊரையும் மைக்கில் அறிவிப்பார்கள். எங்கே ஆடினாலும் இனி என் ஊர் காத்திவாக்கம் என்றுதான் சொல்ல வேண்டும். வாயில் நுழையாவிட்டால் நுழையும்வரை சொல்லிக்கொடுப்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் மூத்த பொண்ணு,
மகேஸ்வரி