பீன்ஸ் போன வழி

12.7.88, செவ்வாய்

கம்பெனி விட்டு அம்பத்தூரில் ரயில் ஏறினேன். லேடீஸ் பெட்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்ததும், வழக்கம்போல மடியில் பேப்பரை விரித்து ராத்திரிச் சமையலுக்குப் பீன்ஸ் நறுக்க ஆரம்பித்தேன். கை அதுபாட்டுக்கு வேலை செய்தது. மனசு கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருக்கும் மகள் சுமதியிடம் போய்விட்டது. பத்து நாளாகக் கடிதம் இல்லை. காய்ச்சலோ என்னவோ.

ஆவடி வருவதற்குள், எதிரில் பூ கட்டிக்கொண்டிருந்த கஸ்தூரி சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"யக்கா, இன்னா பண்ற நீ? நறுக்குனத எல்லாம் ஜன்னலுக்கு வெளிய போட்டுட்டு, நாரையும் காம்பையும் பத்திரமா பையில போட்டுக்கினு கீற!"

பார்த்தேன். அரை கிலோ பீன்ஸ் போயே போய்விட்டது. பெட்டியே சிரித்தது. என்னாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ராத்திரி வீட்டில் சாப்பிட உட்கார்ந்ததும் அவர், "பொரியல் எங்க?" என்றார்.

"திருமுல்லைவாயில் தண்டவாளத்துல கீது. போய் எடுத்துக்கினு வாங்க" என்றேன். பாவம், ஊறுகாயோடு சாப்பிட்டு எழுந்தார்.

இப்போது, சுமதி போன தடவை எழுதிய கடிதத்தை எடுத்துப் படித்தேன். 'சாம்பாரில் உப்பே இல்லை' என்ற வரி எனக்கு மனப்பாடம். இத்தனை நாளும் அதைச் சொல்லித்தான் புலம்பினேன். அதற்குக் கீழே, சைக்கிள் கற்றுக்கொண்டதைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறாள். படம்கூடப் போட்டிருக்கிறாள். தலை பெரிது, சைக்கிள் சின்னது, முகமெல்லாம் பல்.

படத்தில் இரண்டு கையையும் விட்டுவிட்டு ஓட்டுகிறாள். அதைப் பற்றி இன்றைக்கு நான் ஒன்றும் நினைக்கப்போவதில்லை.