என் வாயும் மகள் காலும்

மார்ச் 8, 2009, ஞாயிறு

டொனாட்டாவை மறுபடி வெளியேற்றிவிட்டார்கள். நடைப்பந்தயத்தில் ஒரு காலாவது எப்போதும் தரையில் இருக்க வேண்டும். என் மகள் இரண்டையும் தூக்கிவிட்டாள் என்று மூன்று நடுவர்கள் சிவப்பு அட்டை எழுதினார்கள். மூன்று விழுந்தால் கதை முடிந்தது. குருட்டுப் பயல்கள். நான் வளைவுக்கு வளைவு குறுக்கே ஓடிக் கத்தியதில் தொண்டை போனதுதான் மிச்சம்.

ஜூனில் தேசியப் போட்டி. முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் காவல்துறை விளையாட்டுக் குழுவில் வேலை. இல்லாவிட்டால் நடையை விட்டுவிட்டு, என்னோடு மீன் செதில் சீவ வருகிறாளாம். இருபத்து மூன்று வயதுப் பெண் பேசுகிற பேச்சா இது?

மார்ச் 10

நல்ல கணவாயாகப் பார்த்துக் கொண்டுவந்தேன். அவள் தொடவில்லை. துக்கம் தாங்காமல் நானே தின்றேன்.

மார்ச் 17

பயிற்சியாளர் மினெர்வினி மத்தி வாங்குவதுபோல் கடைக்கு வந்தார். ரொம்ப நேரம் மத்தியின் கண்ணையே பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீ கத்துறப்ப அவ பறக்குறா, சபீனோ. நீ நின்ன இடத்துலதான் சிவப்பு விழுது."

'போ, போ' என்றுதானே சொல்கிறேன் என்றேன்.

"நீ போன்னு சொன்னா துறைமுகத்துல படகே நகருது. பொண்ணு என்ன செய்வா?"

ராத்திரிச் சாப்பாட்டில் டொனாட்டாவிடம் கேட்டேன். தட்டைப் பார்த்தபடி, "உன் சத்தம் கேட்டா என் கால் என் பேச்சக் கேக்கல, அப்பா" என்றாள். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை?

"சொன்னா நீ வராம இருந்துடுவியோன்னு."

நுணல் தன் வாயால் கெடுமாம். இந்த வீட்டில் அப்பன் வாயால் மகள் கெடுகிறாள்.

ஏப்ரல் 10, புனித வெள்ளி

வாயை மூடப் பழக வேண்டாமா? மீன்காரனுக்கு வருடத்திலேயே பெரிய நாளான இன்றே தொடங்கினேன். கூவாமல் விற்றேன். பல் வலியா என்று ஒருத்தி. வீட்டில் யாராவது தவறிவிட்டார்களா என்று இன்னொருத்தி. பாதிரியார் என் தோளைத் தட்டி, "ஏசு சாமி செத்த துக்கம் இந்த வருஷந்தான் உனக்குப் புரிஞ்சிருக்கு" என்றார். தலையாட்டினேன். கணவாய் பாதி தங்கிவிட்டது.

மே 10

உள்ளூர்ப் பந்தயம். வாய் நிறைய தராலி என்கிற மொறுமொறு ரொட்டி வளையங்களை அடைத்துக்கொண்டு நின்றேன். மகள் கடந்தபோது ஆவேசத்தில் விழுங்கி, புரையேறி, ஒரு நடுவர்தான் முதுகில் குத்திக் காப்பாற்றினார். குருட்டுப் பயல் என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். சிவப்பு ஒன்றும் விழவில்லை. இரண்டாமிடம்.

ஜூன் 13

நாளை தேசியப் போட்டி. தூக்கம் இல்லை.

ஜூன் 14, ஞாயிறு

முறையாக எழுத வருமா பார்க்கிறேன்.

கடைசிச் சுற்று. நடுவர்களின் அறிவிப்புப் பலகையில் டொனாட்டா பெயருக்கு நேரே இரண்டு சிவப்பு — சத்தியமாக நான் மூச்சுக்கூட விடவில்லை. இன்னொன்று விழுந்தால் போச்சு. அவள் நான்காவது. மூன்றாவதாகப் போனவள் மிலான் பக்கத்துப் பெண். அவளுக்கும் இரண்டு.

இருவரும் என் வளைவுக்கு வந்தார்கள். கைக்குட்டையைக் கடித்துக்கொண்டேன். அப்போது பக்கத்திலிருந்து ஒரு குரல். சந்தையில் முப்பது வருடம் கூவியவன் நான்; எனக்கே காது அடைத்தது.

"டொனாட்டா! அவசரப்படாத! தரையப் பாத்து நட!"

வின்சென்சா. என் மனைவி. கோயிலில்கூட உதடு மட்டும் அசைத்துப் பாடுகிறவள்.

தொலைந்தோம் என்று கண்ணை மூடிவிட்டேன். ஆனால் அம்மா சொன்னதும் மகள் அடக்கமாக, ஆணி அடித்த மாதிரி தரையைத் தொட்டுத் தொட்டுப் போனாள். முன்னால் போனவளோ அந்தச் சத்தத்தில் பதறி, பின்னால் ஆள் நெருங்கிவிட்டாள் என்று பாய்ந்தாள். பாய்ந்தால்? சிவப்பு. நிறுத்திவிட்டார்கள்.

டொனாட்டா மூன்றாவது.

அந்தப் பெண் புல்தரையில் உட்கார்ந்து அழுதாள். வின்சென்சா போய்த் தண்ணீர் கொடுத்தாள், அணைத்துக்கொண்டாள். நெஞ்சறிந்து கத்தினாயா, தெரியாமலா என்று ரயிலில் கேட்டேன்.

"பேசாம தூங்கு சபீனோ" என்றாள்.

செப்டம்பர் 6

டொனாட்டா ரோமிலிருந்து பேசினாள். காவல்துறைச் சீருடை தொளதொள என்று இருக்கிறதாம், கேன்டீன் மீன் வாயில் வைக்க முடியவில்லையாம். அடுத்த மாதம் வெளிநாட்டில் பந்தயம். "அம்மாவ வளைவுல நிக்கச் சொல்லு. நீயும் வா, அம்மா பையத் தூக்க ஆள் வேணுமில்ல?"

வின்சென்சா பாத்திரம் கழுவிக்கொண்டே தொண்டையைச் செருமிப் பார்க்கிறாள். நான் பெரிய பையைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்திருக்கிறேன்.