பொங்கலுக்கு அண்ணன் கொடுத்த போன்

மத்திய சிறை
6.1.2025

அன்புத் தங்கச்சி செல்வமாரிக்கு, அண்ணன் மணிராஜ் எழுதுவது.

நான் சுகம். நீயும் அம்மாவும் ஆடுகளும் சுகம்தானே? ஆடுகளைக் கேட்காவிட்டால் அம்மா கோபித்துக்கொள்வாள், அதனால் சேர்த்தே கேட்டுவிட்டேன்.

ஏழு மாதத்தில் என் கையெழுத்து தேறிவிட்டது பார். பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியும் வராத கையெழுத்து. இங்கே போகிற கடிதம், வருகிற கடிதம் எல்லாவற்றையும் ஐயா ஒருவர் படித்துப் பார்த்துத்தான் முத்திரை குத்துவார். அதனால் பிழையில்லாமல் எழுது. போன தடவை நீ எழுதியதில் நாலு பிழை, எனக்குத்தான் மானம் போனது.

பொங்கலுக்கு வருஷாவருஷம் உனக்குச் சேலை எடுப்பேன். உள்ளே இருக்கிறேன் என்பதற்காக அது நிற்கக் கூடாது. சித்தப்பா மகன் பேச்சிராஜா மனு போட்டு என்னைப் பார்க்க வந்தான். அவனிடம் சொல்லியிருக்கிறேன், புது போன் ஒன்று கொண்டுவந்து தருவான். தினமும் கோவில்பட்டிக்கு வேலைக்குப் போய்வருகிற பிள்ளை, கையில் நல்ல போன் வேண்டும். எப்போதும் கூடவே வைத்துக்கொள். அணைத்து வைக்காதே. யார் கையிலும் கொடுக்காதே.

மார்ச் 18 கோர்ட்டு. நம் வக்கீல் உன்னைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுகிறார். பூவனநாதன் செத்த அன்று சாயங்காலம் நான் வீட்டில் இருந்தேன், கம்பங்கஞ்சி குடித்தேன், எங்கும் போகவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னால் போதும். ஒரே ஒரு வரி. அதை நீ சொல்லிவிட்டால் நான் வீட்டுக்கு வந்துவிடுவேன்.

உன் அண்ணன்
மணிராஜ்


கருங்காலிப்பட்டி
19.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு, செல்வமாரி எழுதுவது.

நாங்கள் சுகம். சினையாடு மட்டும் அம்மாவைப் போலவே யார் சொல்லையும் கேட்பதில்லை.

பொங்கல் அன்று காலையிலேயே பேச்சிராஜா அண்ணன் போனோடு வந்துவிட்டார். "இந்தாட்டி, ஒங்கண்ணன் உள்ள கெடந்தாலும் ஒன்னய விடல பாரு" என்று கையில் கொடுத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா செத்த பிறகு எனக்கு எது வந்தாலும் உன் கையிலிருந்துதான் வருகிறது.

ஆனால் ஒரு குறை சொல்லட்டுமா? போனுக்குள் நான் கேட்காததெல்லாம் குடியிருக்கிறது. மூன்று விளையாட்டு, இரண்டு ஜோசியம், ஒரு ரம்மி, கடன் கொடுக்கிற ஆப் ஒன்று. அழிக்கப் போனால் அழிக்க வரவில்லை. நிறுத்தி வைத்தால் மறுநாள் எழுந்து உட்கார்ந்திருக்கிறது. நேற்று மண்டியில் வத்தல் மூட்டை எடையைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறேன், போன் தானாக வாயைத் திறந்து "உங்கள் திருமணம் எப்போது?" என்று கேட்கிறது. விளாத்திகுளத்திலிருந்து வத்தல் கொண்டுவந்த சம்சாரிகள் அத்தனை பேரும் சிரிக்கிறார்கள். காலையில் நூறு இருக்கிற சார்ஜ் மதியம் பதினைந்துக்கு வந்துவிடுகிறது. இடுப்பில் வைத்தால் சுடுகிறது.

அம்மா உன் சட்டைகளை மடித்து வைத்திருக்கிறாள். ஒன்றைக்கூட வீச அவளுக்கு மனசு வரவில்லை. "அவன் வந்தா போடுவாம்லா" என்கிறாள்.

கோர்ட்டில் சொல்ல வேண்டியது எனக்கு நினைவிருக்கிறது. கவலைப்படாதே.

உன் அன்புத் தங்கை
செல்வமாரி


மத்திய சிறை
27.1.2025

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை அறையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். போன் கல்யாணம் பேசியதைக் கேட்டு ஒரே சிரிப்பு. இந்தக் காலத்துப் போன் எல்லாமே அப்படித்தான். கம்பெனிக்காரன் நாலைந்து போட்டுத்தான் விற்பான். பொறுத்துக்கொள். அதை எந்தக் கடையிலும் கொடுத்து நோண்ட விடாதே. என்ன கோளாறு என்றாலும் பேச்சிராஜாவிடம் கொடு.

புதன்கிழமை மண்டி விட்டதும் பஸ் ஸ்டாண்டுக்கு வராமல் முக்கால் மணி நேரம் கடைத்தெருவில் ஒரே இடத்தில் நின்றாயாமே? அப்படி என்ன வாங்கினாய்? கேட்டதற்காகக் கோபிக்காதே, காலம் கெட்டுக் கிடக்கிறது. "எங்கண்ணன் வந்தாத்தான் எனக்குக் கல்யாணம்" என்று கூட வேலை பார்க்கிற சத்தியபாமாவிடம் சொன்னாயாம். அது என் காதுக்கு வந்தபோது இந்தச் சுவருக்குள் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. இதெல்லாம் எப்படித் தெரியும் என்று யோசிக்காதே. பாசம் இருந்தால் எல்லாம் தெரியும்.

வெயில் ஏறுகிறது, குடை கொண்டு போ.

மணிராஜ்


கருங்காலிப்பட்டி
9.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் பேசியதை வார்த்தை மாறாமல் எழுதியிருக்கிறாயே! சத்தியபாமா மிரண்டுவிட்டாள். தான் யாரிடமும் சொல்லவில்லை என்று சத்தியம் செய்கிறாள். அவளுக்கு வாய் நிற்காது, யாரிடமாவது உளறியிருப்பாள்.

உன் பேச்சை ஒரு விஷயத்தில் மீறிவிட்டேன். திட்டாமல் முழுக்கப் படி. பேச்சிராஜா அண்ணனை மூன்று முறை கூப்பிட்டேன், "சரியாயிரும், விடுட்டி" என்கிறாரே தவிர வரவில்லை. மண்டிக்கு எதிரே காளீஸ்வரன் என்பவர் போன் சரிபார்க்கிற கடை வைத்திருக்கிறார். அவரிடம் கொடுத்தேன்.

"போனு ஒங்களுது, சாவி மட்டும் கம்பெனிக்காரன்ட்ட இருக்கு. ரூட் எடுத்தாத்தான் சாவி நம்ம கைக்கு வரும், அப்பொறம் எதையும் அழிக்கலாம்" என்றார். தவறிப்போய் வேண்டியதை அழித்துவிட்டால் போன் வெறும் கல்லாகிவிடுமாம். கம்ப்யூட்டரில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவர் கொஞ்ச நேரத்தில் முகம் மாறிப்போனார். "பூட்டத் தெறக்கலாம்னு பாத்தா ஏற்கெனவே எவனோ தெறந்து வச்சிருக்கான். யாரு குடுத்தா இத?" என்றார். என் அண்ணன் என்றேன். என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பக் கம்ப்யூட்டர் பக்கம் குனிந்துகொண்டார்.

இருபத்துமூன்று ஆப்களை ஒவ்வொன்றாகத் தூக்கினார். ரம்மி போனது, ஜோசியம் போனது. கடைசியில் ஒன்று. திரையில் அதற்குப் படமே கிடையாது, இருப்பதே தெரியாது. "இது கம்பெனி போட்டதில்ல. நீங்க போற எடம், பக்கத்துல பேசுற பேச்சு, அம்புட்டையும் எங்கனயோ அனுப்பிக்கிட்டுக் கெடக்கு" என்றார். அண்ணா, உன்னை யாரோ நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள்! எவனோ கெடுத்து வைத்த போனைப் புதுசு என்று பேச்சிராஜா அண்ணன் தலையில் கட்டிவிட்டான் அந்தக் கடைக்காரன். அவன் சட்டையைப் பிடித்துக் கேட்கச் சொல்.

இப்போது போன் சுடுவதில்லை. சார்ஜ் ராத்திரி வரை நிற்கிறது. பணம் அனுப்புகிற ஆப் மட்டும் ரூட் எடுத்த போனில் ஓடாதாம், எனக்கு அது வேண்டாம். காளீஸ்வரன் கூலி வாங்க மறுத்துவிட்டு எனக்கே டீ வாங்கிக் கொடுத்தார். ரொம்ப நல்ல மாதிரி. நீ வெளியே வந்ததும் ஒருமுறை அவரைப் பார்த்து நன்றி சொல்ல வேண்டும்.

செல்வமாரி


மத்திய சிறை
15.2.2025

என் செல்லத் தங்கச்சிக்கு,

நான் ஏன் திட்டப் போகிறேன்? கெட்டிக்காரியாகிவிட்டாய் என்று சந்தோஷம்தான். கொஞ்ச நாளாக உன்னைப் பற்றி ஒரு சேதியும் வராமல் இங்கே தவித்துப்போனேன், காரணம் இப்போது தெரிந்தது.

நன்றி சொல்ல நான் வெளியே வரும் வரைக்கும் எதற்குக் காத்திருக்க வேண்டும்? பேச்சிராஜாவை விட்டுச் சொல்லச் சொல்கிறேன். அதற்கு முன்னால் பையனைப் பற்றி நாலு விஷயம் தெரிய வேண்டாமா? எந்த ஊர், எந்தத் தெரு, அப்பா பெயர் என்ன, குலசாமி எது, குடிப்பழக்கம் உண்டா, கடையை எத்தனை மணிக்கு அடைப்பார், ஊருக்கு பஸ்ஸில் போவாரா பைக்கிலா, கூட யாரும் வருவார்களா, எந்த வழி? ஒன்று விடாமல் எழுது.

அத்தனை சின்னத் திருகாணியைப் பிடிக்கிற விரல்களை நானே ஒருமுறை கையில் பிடித்துப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.

பாசமுள்ள அண்ணன்
மணிராஜ்


கருங்காலிப்பட்டி
20.2.2025

என் உயிர் அண்ணனுக்கு,

உன் கடிதத்தை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். இத்தனை கேள்வி எதற்கு என்று கேட்டேன். அம்மா ஆட்டுக்குத் தண்ணீர் வைப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். "கூறுகெட்டவளே, ஒங்கண்ணன் மாப்ள விசாரிக்காம்ட்டி" என்றாள். அதன் பிறகு இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

உன்னிடம் இனி எதை மறைக்க? அந்தப் புதன்கிழமை முக்கால் மணி நேரம் நான் நின்றது அவர் கடை வாசலில்தான்.

ஊர், கடம்பூர் தாண்டி மணியாச்சி போகிற வழியில். தெருவும் குலசாமியும் எழுத மூன்று முறை பேனாவை வைத்துவிட்டேன். அவர்கள் நம் ஆட்கள் இல்லை. கீழத்தெரு. நீ முன்பு எப்படிப் பேசுவாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் தெரு எது என்று நீயே கேட்கிற அளவுக்கு மனசு மாறியிருக்கிறாய் என்றால் சிறைச்சாலை உன்னை நல்லவனாக்கியிருக்கிறது. அப்பா ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குடிப்பழக்கம் இல்லை. கடையை ஏழரைக்கு அடைப்பார். பைக்கில்தான் போவார், தனியாகத்தான். கடம்பூர் தாண்டியதும் ஒரு பாலம், அதற்கப்புறம் வீடே இல்லாமல் பருத்திக்காடு. அந்தப் பாலத்தில் தினமும் வண்டியை நிறுத்தி எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். எட்டே காலுக்கு வந்துவிடும்.

அண்ணா, இதற்கு நான் உனக்கு என்ன கைம்மாறு செய்வேன்? கோர்ட்டில் அந்த ஒரு வரியை நூறு தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.

உன் செல்வமாரி


மத்திய சிறை
8.3.2025

அன்புத் தங்கச்சிக்கு,

கேள்விப்பட்டேன். பாலத்துப் பக்கம் யாரோ நாலு பேராம், முகத்தில் துண்டு கட்டியிருந்தார்களாம். என்ன செய்வது, காலம் கெட்டுக் கிடக்கிறது என்று உனக்கு முன்பே எழுதினேன். உயிருக்கு ஒன்றுமில்லை என்கிறார்கள். இடது கை அப்படியே இருக்கிறதாமே. இடது கையை வைத்துக்கொண்டு எத்தனையோ பேர் பிழைக்கவில்லையா? பெட்டிக்கடை வைக்கட்டும்.

ஆஸ்பத்திரிப் பக்கம் போகாதே. நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள்.

மாப்பிள்ளை விசாரிப்பதாக அம்மா சொன்னாள் என்றாய். விசாரித்தேன். சரிப்படவில்லை.

பேச்சிராஜா வேறு போன் கொண்டுவருவான். அதில் இருப்பது இருந்தபடி இருக்கட்டும். 18ஆம் தேதி அம்மாவுக்குப் பிடித்த அந்த மஞ்சள் சேலையைக் கட்டிக்கொண்டு வா. ஒரே ஒரு வரிதான். முகத்தை அழுத மாதிரி வைத்துக்கொள்ளாதே, நீதிபதி பார்ப்பார்.

உன் நலம் ஒன்றையே நினைக்கும்
மணிராஜ்


கருங்காலிப்பட்டி
14.3.2025

மணிராஜுக்கு,

சுகம் விசாரிக்கவில்லை.

பிப்ரவரி 27ஆம் தேதி எட்டே காலுக்கு மிஸ்டு கால் வரவில்லை. ஒன்பது மணி வரை போனைக் கையிலேயே வைத்திருந்தேன். மறுநாள் மண்டியில்தான் சேதி தெரிந்தது. அவர் கையை பைக் சீட்டின் மேல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, "எந்தக் கைலே போன நோண்டுன?" என்று பேச்சிராஜா கேட்டிருக்கிறான். போன மாதம் நான் அவர் கடையிலிருந்து ஸ்பீக்கரில் கூப்பிட்டபோது அவன் பேசியதை அவர் கேட்டிருக்கிறார். துண்டு கட்டியிருந்தாலும் குரலுக்கு எதைக் கட்டுவான்? வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிச்சம்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நீ போகாதே என்று எழுதுவதற்கு முன்னாலேயே போனேன். அவர் என்னைத் திட்டவில்லை. "ஒங்கண்ணனுக்கு என்ன எழுதுனீக?" என்றார். எல்லாம் எழுதினேன் என்றேன். "பாலத்துல வண்டிய நிறுத்துவேன்னுமா?" என்றார். ஆமாம் என்றேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "இனி வராதீக" என்றார். கால் மணி நேரம் நின்றேன், திரும்பவில்லை. அவர் அம்மா வந்து என் தோளைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டார்.

நான் தெரியாமல் செய்தேன் என்று எழுத மாட்டேன். சத்தியபாமாவிடம் நான் பேசியதை நீ வார்த்தை மாறாமல் எழுதியபோதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துகொள்ள எனக்கு மனசில்லை. பூவனநாதன் விஷயத்திலும் அப்படித்தான் இருந்தேன். அவருக்கும் ஒரு தங்கை இருக்கிறாள். அவளைப் பார்க்கக் கூடாது என்று ஒன்பது மாதமாகத் தெரு மாறிப் போய்க்கொண்டிருக்கிறேன்.

அந்தப் படமில்லாத ஆப்பைக் காளீஸ்வரன் தன் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி வைத்திருந்தார். அது எல்லாவற்றையும் அனுப்பியது பேச்சிராஜாவின் நம்பருக்கு. அவருக்கு அது அன்றைக்கே தெரியும். அண்ணன் கொடுத்தது என்று நான் பெருமையாகச் சொன்னதால், என் மனசு உடையக் கூடாதென்று நம்பரை மட்டும் சொல்லாமல் விட்டிருக்கிறார். அந்தக் கம்ப்யூட்டர் இப்போது இன்ஸ்பெக்டரிடம் இருக்கிறது. பேச்சிராஜாவை நேற்று மதியம் கூட்டிக்கொண்டு போனார்கள். உனக்குச் சேதி சொல்ல இனி அவன் வர மாட்டான், அதனால் நானே எழுதுகிறேன்.

இன்று அரசு வக்கீலைப் பார்த்துவிட்டேன். உன் வக்கீல் என்னைக் கூப்பிடாவிட்டால் அவர் கூப்பிடுவார். மஞ்சள் சேலை கட்ட மாட்டேன்.

இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் ஐயா படிப்பார். அவருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

பூவனநாதன் செத்த அன்று சாயங்காலம் நீ வீட்டில் இல்லை. நாலு மணிக்குப் போனாய், எட்டு மணிக்கு வந்தாய். கஞ்சி குடிக்கவில்லை. நீலச் சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தாய். நான்தான் துவைத்தேன், மூன்று முறை. மார்புப் பக்கத்தில் கறை போகவில்லை. எரிக்கச் சொன்னாய். அம்மாவுக்கு நல்ல சட்டையை எரிக்க மனசு வரவில்லை, மற்றச் சட்டைகளோடு மடித்து வைத்துவிட்டாள். இன்று அவள் ஆடு மேய்க்கப் போயிருந்த நேரத்தில் அதை எடுத்துக் கொண்டுபோய் இன்ஸ்பெக்டரிடம் கொடுத்துவிட்டேன். சாயங்காலம் வந்து எண்ணிப் பார்த்தால் அவளுக்குத் தெரியும்.

இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டேன். பிழை எதுவும் இல்லை.

இப்படிக்கு
சோ. செல்வமாரி, வயது 24,
த/பெ சோலைமுத்து (காலமானவர்),
கருங்காலிப்பட்டி